பின்சீட்டுக்குக் கீழே ஒரு பிள்ளையார் சுழி

ஞானசுந்தரத்தின் தலையை வெட்டினது வேறு ஒருவருமில்லை, ஞானசுந்தரம்தான். அதுவும் ஒருதரம் இரண்டுதரம் இல்லை, பதினேழு தரம். தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, கராச் மேசையில் படங்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் தன் கழுத்தடியில் நேராக ஒரு வெட்டு. விழுந்த தலைகளை அள்ளி அடுப்புக்குள் போட்டார். அந்த நேரம் அவருக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, வெட்டும் வடிவான வெட்டு. அவருடைய கையால் ஒரு வேலை கோணலாகப் போனதென்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை.

ஏன் வெட்டினார் என்று கேட்டால் எண்பத்தாறுக்குப் போகவேண்டும். கிழக்கு பெர்லின் வழியாக வந்து, ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்து அகதி விடுதியொன்றில் ஆறு பேரோடு ஒரே அறையில் கிடந்தார். கையில் தந்த கடதாசியில் வேலை செய்ய அனுமதியில்லை என்று அடித்திருந்தது. அந்தக் காலத்துச் சட்டம் ஐந்து வருசத்துக்கு அப்படி. இருபத்துநாலு வயது ஆம்பிளை ஐந்து வருசம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டுமாம், நல்ல சட்டம்! கொக்குவிலில் ஒரு கராச்சில் ஒன்பது வருசம் தகரம் அடித்து ஒட்டுகிற ரிங்கர் வேலை செய்த கை அது. யாழ்ப்பாணத்தில் ஓடின ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களுக்கு உடம்புச் சாமான் எங்கே கிடைக்கும்? கதவு உக்கினால் கதவை அடிக்கவேண்டும், மட்கார்ட் உக்கினால் மட்கார்டை அடிக்கவேண்டும். வெறும் தகரமும் சுத்தியலும்தான். அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? விடுதிக்குப் பின்னால் இருந்த பிரிங்மன் கராச்சின் வேலியோடு இரண்டு நாள் நின்று பார்த்தவர், மூன்றாம் நாள் உள்ளுக்கு நின்றார்.

பிரிங்மன் கெட்ட மனுசன் இல்லை. அதைச் சொல்லிப்போடவேண்டும், இல்லாவிட்டால் ஞானசுந்தரத்துக்கே கோபம் வரும். சாப்பாடு கொடுத்தார், குளிருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், கைக்குள் ஏதோ காசும் வைத்தார். இவர் ஒரு நசுங்கின மட்கார்டில் நாலு தட்டுத் தட்டி அதை நிமிர்த்தினதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து வேலை முழுவதையும் இவர் தலையில் கட்டிவிட்டார்.

எண்பத்தொன்பது மார்கழியில் அந்தக் கார் வந்தது. முன்ஸ்டர் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்து போட்டார் பிரிங்மன். அமெரிக்கக் கார், மஸ்டாங், அறுபத்தேழாம் ஆண்டுப் பிறப்பு. நீளமான மூக்கு, சரிந்து இறங்குகிற முதுகு, எட்டுச் சிலிண்டர். சொல்லும்போது நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அடித்தட்டில் கையை வைத்தால் கை நிலத்தில் போய் முட்டியது. பக்கத்துக் கராச்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பெற்றோல் குடிகாரனை நசுக்கிப் பழைய இரும்புக்குக் கொடு என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அந்த மாதிரிக் காரை இந்த நாட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கிறதில்லை.

அதில் இன்னொரு விசயமும் இருந்தது. மஸ்டாங் என்ற பெயர் அந்தக் காரில் ஒரு இடத்திலும் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் டி-5 என்று ஒரு தகடு. பக்கத்தில் எசனில் லொறி செய்கிற பெரிய கொம்பனி ஒன்று அந்தப் பெயரை முந்தியே பதிந்து வைத்திருந்ததாம். அதனால் ஜேர்மனியில் விற்ற மஸ்டாங்குகள் எல்லாம் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளுக்கு வந்தன என்று பிரிங்மன் விளங்கப்படுத்தினார். ஞானசுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார். விடுதியில் அவருடைய பெயரும் கடதாசியில் பெயர் எழுதுகிற கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பாதியை வெட்டி சுந்தர் ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காரில் அவருக்கு ஒரு தனிப் பட்சம் வந்துவிட்டது.

இரண்டு மாரிகாலம் அந்தக் காரோடு கிடந்தார். அமெரிக்காவிலிருந்து தகரம் எடுப்பிக்கப் பிரிங்மனிடம் வசதியில்லை, ஆகவே எல்லாம் கையடி. முதலில் வெல்டிங் பிடித்து ஒட்டின துண்டு பின்சீட்டுக்குக் கீழே வருகிற தட்டு. கொக்குவில் கராச்சில் முதல் தகரத்தில் பிள்ளையார் சுழி போடாமல் ஒருவரும் வேலை தொடங்குகிறதில்லை. இவரும் கூரான கம்பியை எடுத்து அந்தத் தட்டின் இடது மூலையில் 'உ' என்று கீறி, கீழே இரண்டு கோடும் இழுத்தார். பிரிங்மன் என்னவென்று கேட்டார். யானைத் தலைச் சாமி என்றார் இவர். குதிரைப் படம் போட்ட காருக்கு யானைக் காவலோ என்று பிரிங்மன் சிரித்தார். துண்டை ஒட்டி, பள்ளம் நிரப்புகிற பட்டி ஒரு பொட்டும் பூசாமல், ஒட்டின கோட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே சமப்படுத்தி, சுழி மறையாதபடி மெல்லிசாய்ப் பெயின்ற் அடித்தார். கையால் தடவினால் ஒட்டுத் தெரியாது, கண்ணால் பார்த்தாலும் தெரியாது.

அந்தத் தட்டு ஒட்டி முடிந்த பிறகுதான் பிரிங்மன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு வந்தார். இந்த நாட்டில் பழைய காரைவிட அதன் ஃபைலுக்குத்தான் மதிப்பு, என்ன செய்தது, எப்போது செய்தது, எல்லாம் அதில் இருக்கவேண்டும். பதினேழு படத்தில் ஞானசுந்தரம் சுத்தியலும் கையுமாக நின்றார். தொண்ணூற்றொன்று பங்குனியில் அதே விடுதியில் இருந்த ஒருவன் உணவகமொன்றில் கோப்பை கழுவும்போது பிடிபட்டான். அவனுடைய அகதி வழக்குக்கே ஆபத்து என்று கதை பரவியது. அன்று பின்னேரமே ஞானசுந்தரம் கத்தரிக்கோலை எடுத்தார். படச்சுருளையும் எரிக்கச் சொல்லிப் பிரிங்மனின் காலில் விழாத குறை. அவரும் எரித்தார். யாரும் கேட்டால் நானே தனியாகச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதே என்றும் சொன்னார்.

அதே வருசம் ஆடியில் சட்டம் மாறி, வேலை செய்யலாம் என்று ஆகிவிட்டது. நாலு மாதம் பொறுத்திருந்தால் தலை தப்பியிருக்கும். விதி அவ்வளவு பொல்லாதது.

பேந்து முறைப்படி பிரிங்மனிடமே வேலைக்குப் பதிந்தார். கொக்குவில் கராச்சில் யார் சான்றிதழ் தந்தது? அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்த கடதாசி இல்லாதபடியால் பதிவில் உதவியாள் என்று போட்டார்கள். முப்பத்துநாலு வருசம் அவர் உதவியாள்தான். அவரிடம் தொழில் பழகிப்போன ஜேர்மன்காரப் பெடியள் எல்லாம் மாஸ்டராகிச் சொந்தக் கராச் போட்டு இருக்கிறார்கள்.

இதற்கிடையில் அந்தக் குதிரைக் காரின் விலை ஏறத் தொடங்கியது. முப்பது வயது தாண்டின கார்களுக்குத் தனி இலக்கத் தகடு வந்தது, வரி குறைந்தது. பல் டொக்டர்களும் வக்கீல்களும் இளமையில் கிடைக்காததை ஐம்பதில் வாங்கத் திரிந்தார்கள். மஸ்டாங் என்றால் ஆலாய்ப் பறந்தார்கள். அதிலும் பெயரில்லாமல் வந்த டி-5 கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவுடன் அதற்கு இன்னும் கிராக்கி. இரும்புக்குக் கொடு என்று சிரித்தவர்களே வந்து அதன் முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள். சஞ்சிகைக்காரர் வந்தார்கள். ஒரு மனுசன், இரண்டு மாரி, இரண்டு கை என்று தலைப்புப் போட்டுப் பிரிங்மனின் படத்தை முழுப் பக்கத்தில் அடித்தார்கள். முதலில் இவரைக் காப்பாற்றத்தான் கிழவன் அப்படிச் சொன்னது. ஆனால் ஒரு பொய்யை நாலு தரம் சொன்னால் சொன்னவனுக்கே அது உண்மையாகிவிடும். கடைசிக் காலத்தில் இவருக்கு முன்னாலேயே தான் கதவும் மட்கார்டும் அடித்த விதத்தை விருந்தினருக்கு விளக்கினார். இவர் பக்கத்தில் கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

அதைக்கூட ஞானசுந்தரம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது மகளால். ஒரே மகள் தேனுஜா, ஸ்டுட்கார்ட்டில் பெரிய கார் கொம்பனியொன்றில் இஞ்சினியர். இரண்டு வருசத்துக்கு முந்தி தெரிந்த வீட்டில் ஒரு கலியாணம், மண்டபத்துக்குக் கலியாணப் பொம்பிளை வந்து இறங்கினது இதே காரில். பிரிங்மனின் மகன் டோர்ஸ்டன் அதை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தான். சாப்பாட்டு மேசையில் ஞானசுந்தரம் வாய் தவறிச் சொல்லிவிட்டார், உந்தக் கார் நான் செய்தது என்று. பக்கத்தில் இருந்த ஊர்க்காரன் பாலச்சந்திரன், அண்ணை கழுவினதைச் சொல்லுறார் என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. திரும்பி வரும் வழியில் காருக்குள் தேனுஜா கேட்டுவிட்டாள்.

"அப்பா, ஏன் சபையிலை இப்பிடிச் சொல்லுறீங்கள்? உங்கடை சம்பளக் கடதாசியிலை உதவியாள் எண்டுதானே கிடக்கு. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

மனைவி பாலாம்பிகை பின்சீட்டிலிருந்து மகளை அதட்டினா. இவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளை அப்பனைப் புளுகன் என்று நினைக்கிறது, அதைவிட என்ன வேண்டும்? அன்றையிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் காரோடு எங்கேயாவது ஒரு இடத்தில் தன் பெயர் ஒரு வரி எழுதியிருக்கவேண்டும், அதைத் தேனுஜா வாசிக்கவேண்டும்.

போன வருசம் பிரிங்மன் செத்துப்போனார். டோர்ஸ்டனுக்குக் கராச்சில் மனமில்லை. காரை எசனில் நடக்கிற பழைய கார்க் கண்காட்சியில் வைத்து, வருகிற பெரிய புள்ளிகளில் ஒருவருக்கு விற்பது என்று முடிவு. காருக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு பலகை அடிப்பித்தான். கோட்ஃப்ரீட் பிரிங்மன் தன்னந்தனியாகத் தன் கைகளால் உயிர் கொடுத்தது என்று அதில் இருந்தது. ஞானசுந்தரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டார். காசு வேண்டாம், பங்கு வேண்டாம், கீழே சின்ன எழுத்தில் தகர வேலை ஞானசுந்தரம் என்று ஒரு வரி போடு, போதும். டோர்ஸ்டன் ஃபைலை எடுத்துப் புரட்டினான். பதினேழு படத்திலும் ஒரு நீலச் சட்டை, இரண்டு கை, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இது யாராகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம் என்றான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன், அவன் அப்போது முன்பள்ளிக்குப் போகிற பிள்ளை.

அப்போதுதான் இவருக்குச் சுழி நினைவு வந்தது. வெட்டாமல் விட்டது அது ஒன்றுதான். அடுத்த செவ்வாய் விற்பனைக்காகக் காரை மதிப்பிடுகிறவர் இரண்டாந்தரம் வரப்போகிறார் என்று தெரியும். தேனுஜாவுக்கு ரெலிபோன் எடுத்து, ஒரு சாமான் காட்டவேணும், ஒருநாள் லீவு போட்டுவிட்டு வா பிள்ளை என்றார். அவளும் என்னவோ ஏதோ என்று ரெயில் ஏறி வந்தாள்.

மதிப்பிடுகிறவர் மெலிந்த மனுசன், கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி. ஞானசுந்தரம் எல்லாருக்கும் முன்னால் பின்சீட்டைத் தூக்கி, இடது மூலையைக் காட்டி, இதோ என்றார். 'உ' அப்படியே இருந்தது, கீழே இரண்டு கோடும். தேனுஜா குனிந்து பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்கு முகம் மாறிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சோதனைத் தாளிலும் அவளே போட்ட சுழி அல்லவா?

மதிப்பிடுகிறவர் சிரித்துக்கொண்டே தன் அறிக்கையில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். போன மாதமே அவர் இதைப் படமெடுத்து வைத்திருந்தார். கீழே எழுதியிருந்தது: அமெரிக்கத் தொழிற்சாலையின் பரிசோதகர் கீறிய அடையாளம், மிக அபூர்வம், தட்டு பிறந்தபடியே உள்ளதற்குச் சான்று.

ஞானசுந்தரம் அறிக்கையைக் கையால் தள்ளிவிட்டார். இல்லை, அதைக் கீறினது நான், அந்தத் தட்டை அடித்ததும் நான் என்று தனக்குத் தெரிந்த டொச்சுப் பாசை முழுவதையும் கொட்டினார். தேனுஜா இடையில் புகுந்து, இது எங்களுடைய எழுத்து, எதைத் தொடங்கினாலும் இதைப் போட்டுத்தான் தொடங்குவோம் என்று வடிவாக விளங்கப்படுத்தினாள். மதிப்பிடுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயின்ற் தடிப்பு அளக்கிற கருவியைத் தட்டின்மேல் வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரே அளவு. பிறகு கைவிளக்கை அவளிடம் நீட்டினார்.

"நீங்கள் கார் உடம்பு இஞ்சினியர் என்று சொன்னீர்கள். நான் முப்பது வருடமாகக் கார்களில் ஒட்டுத் தேடுகிறவன், இதில் ஒட்டு இல்லை. நீங்கள் ஒன்றைக் காட்டினால் இந்தப் பக்கத்தை இப்போதே கிழிக்கிறேன்."

தேனுஜா முழங்காலில் இருந்து பார்த்தாள். விரலால் தடவினாள், கீழே படுத்துப் பார்த்தாள், விளக்கைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். பத்து நிமிடம் போயிருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அப்பா, ஒட்டின இடம் எனக்கும் தெரியேல்லை."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அப்படித்தான் வளர்த்தார்கள். அந்த மனுசனுடைய சீவியத்தில் அவருடைய வேலைக்குக் கிடைத்த பெரிய புகழ்ச்சி அதுதான், அதுவே அவரைக் கொன்றது. பெயின்றை நாலு விரல் அகலம் சுரண்டுங்கோ, தெரியும் என்று மன்றாடினார். டோர்ஸ்டன் காருக்கும் அவருக்கும் இடையில் வந்து நின்றுகொண்டான்.

மதிப்பிடுகிறவர் முகம் இப்போது சிரிக்கவில்லை. தொழிற்சாலை அடையாளம் என்று எழுதியதில் சந்தேகம் வந்துவிட்டால் தான் கையெழுத்துப் போடமுடியாது என்றார். நாளைக்கு வாங்குகிறவன் இன்னொரு தமிழனைக் கூட்டிவந்து காட்டினால் தன் பெயர்தான் நாறும். அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம், ஆனால் கீறல் இருக்கும்வரை யாராவது கேட்பார்கள், அது இல்லாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடிகளைப் பெட்டிக்குள் வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சுழி என்றாலும் தன்பாட்டில் இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஞானசுந்தரம் டொக்டரிடம் நாரி நோ, இடுப்பு நிமிரவில்லை என்று லீவுத் துண்டு வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். ஒரு கிழமை கழித்து டோர்ஸ்டன் ரெலிபோன் எடுத்தான். டொச்சில் கூட வேலை செய்கிற மூத்தவரையும் நீ என்று கூப்பிடுகிறது வழக்கம்தான், ஆனால் தமிழில் சொன்னால் காது கூசும்.

"சுந்தர், நீ வந்துதான் அந்தக் கீறலை எடுக்கவேண்டும். இரண்டு கராச்சில் கேட்டேன், அந்தத் தட்டில் கைவைக்க ஒருவனும் துணியவில்லை."

அப்படியென்றால் பெயரைப் போடு, வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார் இவர். அனுமதியில்லாத காலத்தில் வேலை வாங்கினதாக அப்பாவின் பெயர் கெடும், தன்னந்தனியாக என்ற கதையும் போய்விடும், காரில் பாதி மதிப்பு அந்தக் கதைதான் என்று அவன் சொன்னான். கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வர மூன்று ரிக்கற் தருகிறானாம். நானென்றால் ரெலிபோனைச் சுவரில் எறிந்திருப்பேன். பாலாம்பிகையும் போகாதேங்கோ, அவங்கள் என்னவும் செய்யட்டும் என்று கதவடியில் நின்று சொன்னா. மனுசன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

கராச்சில் ஒருவருமில்லை. பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கனநேரம் சும்மா நின்றார். சீவியத்தில் எந்த வேலையையும் உ போட்டுத் தொடங்கின மனுசன், அந்த உ-வை அழிக்கிற வேலையை எதைப் போட்டுத் தொடங்குவது? கடைசியில் ஒன்றும் போடாமலேயே தொடங்கினார். உராய்ந்தால் தகரம் மெலியும், ஆகவே உராயவில்லை. கீழே அடி தாங்குகிற ஒரு சின்ன அண்டைக்கட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கீறலின் இரண்டு கரையையும் உள்ளுக்குத் தள்ளித் தள்ளி, மயிரளவாக மூடிக்கொண்டு வந்தார். முதலில் கோடுகள் போயின, பிறகு வால், கடைசியாகச் சுழியின் தலை. பின்னேரம் பெயின்றும் காய்ந்துவிட்டது. மதிப்பிடுகிறவர் திங்கட்கிழமை வந்து விளக்கடித்துப் பார்த்து, பின்தட்டு குறையொன்றுமில்லை, பிறந்தபடியே உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சுழி அழித்த அன்று இரவே பாலாம்பிகை மகளுக்கு எல்லாம் சொல்லிவிட்டா. தேனுஜா ரெலிபோனில் அழுதாள், பிறகு கத்தினாள். என்னை வைத்துத்தானே அந்த மதிப்பிடுகிற ஆள் உங்களை மடக்கினவன், நான் உங்களை நம்புறன் அப்பா, இரண்டு வருசத்துக்கு முந்திச் சொன்னதுக்கு என்னை மன்னியுங்கோ, ஆனால் ஏன் போனீங்கள், உங்கடை கையாலையே ஏன் அழிச்சனீங்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவள் நம்புகிறாள், சரி. ஆனால் இனி அவளுக்கும் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. ஞானசுந்தரம் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த பெயின்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"வேறை ஆராவது செய்தால் தகரம் நெளிஞ்சிடும், பிள்ளை."